கட் சொன்ன பிறகும் ஓடிய கேமரா

செப்டம்பர் 7, திங்கள்

கைகழுவும் தொட்டி ஒன்று வாங்க வந்தவரிடம் இன்று மூன்று குளியலறைக்கான சாமான் முழுவதையும் விற்றுவிட்டேன். தரைக்கல், சுவர்க்கல், குழாய், கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே விளக்கு. வீட்டில் குளியலறை இரண்டுதான் என்று போகும்போது சொன்னார். அதனால் என்ன, மூன்றாவதைக் கட்டிவிடுவார். முதலாளி என் சுழல் நாற்காலி வரை வந்து கைகுலுக்கினார். கண்கூடக் கலங்கியது. ஏறக்குறைய.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் போர். தங்கச்சி மகள் பாப்பா பதினொன்றாம் வகுப்பில் திரைப்படத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். இயற்பியல், வரலாறு மாதிரி அதற்கும் ஒரு பீரியட், ஒரு டீச்சர், ஒரு பரீட்சை. மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கச்சி வீட்டுக்காரருக்கு, இது ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. மனுஷன் அலுவலகக் கணக்கர். சிரிப்பையும் செலவுப் பக்கத்தில் எழுதுகிற ஆள்.

“சினிமா பாக்கறதுக்கு ஒரு டீச்சரா? ஊரே ஓசியில கத்துக்கிட்ட விஷயமாச்சே!”

“பாக்கறதுக்கு இல்லப்பா. நம்மள எப்படிப் பாக்க வைக்கறாங்கன்னு படிக்கறோம்.”

“அதை வெச்சுக்கிட்டு எந்த ஆபீசுல உக்காருவே?”

கணக்குப்பதிவியல் புத்தகம் ஒன்றை வாங்கி, அட்டையும் போட்டு, கூடத்து அலமாரியில் தயாராக வைத்திருக்கிறார். பாடம் மாற்றிக்கொள்ள மாதக் கடைசி வரை நேரம் உண்டாம். தங்கச்சி நடுவில் புகுந்து சமாதானம் பேச, கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது. இருபத்தைந்தாம் தேதி பிள்ளைகள் எடுத்த சின்னப் படங்களைப் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

“மார்க்கெல்லாம் டீச்சர் போட்டுக்கட்டும். நான் வந்து பாக்கறேன். என் மனசுல ஏதாவது பட்டுச்சுன்னா இதையே படி. படலேன்னா கணக்குப்பதிவியல். அப்புறம் அழக் கூடாது.”

பாப்பா தலையாட்டினாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

“ஏன் கவலைப்படறே? மாமா இருக்கேன்ல!” என்றேன். யாருக்கும் தெம்பு வந்த மாதிரித் தெரியவில்லை.

செப்டம்பர் 9, புதன்

நான்தான் கதாநாயகன்!

பாப்பா மாடியறைக்கு வந்து கேட்டாள். டீச்சர் எல்லோருக்கும் ஒரே கதையைக் கொடுத்திருக்கிறாராம்: வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. “நீங்கதான் மாமா சாயங்காலத்துல சும்மா இருக்கீங்க” என்றாள். பிள்ளைக்குக் கூச்சம். என் முகவெட்டைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா?

அனுபவத்துக்குக் குறைவில்லை. இள வயதில் எங்கள் தெருவில் படப்பிடிப்பு நடந்தபோது, அத்தனை கூட்டத்திலும் டைரக்டர் ஒலிபெருக்கியில் என்னை மட்டும் தனியாகக் குறிப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்பது இப்போது முக்கியமில்லை.

கதைக்கு ஒரு யோசனை கொடுத்தேன். வரும் வழியில் நாலு முரடர்கள், ஒரு பெண்ணின் கைப்பை...

“மாமா. நீங்க வீட்டுக்கு வர்றீங்க. அவ்வளவுதான்.”

“சரி, வந்ததும்?”

“வந்துட்டீங்க.”

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது நல்லதுதான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

செப்டம்பர் 12, சனி

முதல் நாள் படப்பிடிப்பு. தெருவே திரண்டுவிட்டது. (துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் பேத்தியும்.) பள்ளிக்கூடத்துக் கேமரா, பள்ளிக்கூடத்து முக்காலி. அதில் ஒரு கால் பூட்டிக்கொள்ளாமல் இறங்கி இறங்கிப் போகிறது. அடியில் செங்கல் வைத்தாள். நான் நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு.

என் அறைக்குள் நான் வருகிறேன். கதவைத் திறந்தேன். பெருமூச்சு விட்டேன். நெற்றியைப் புறங்கையால் துடைத்தேன். சுவரைப் பார்த்து, வாழ்க்கையை நினைத்து, கசப்பாகச் சிரித்தேன்.

“கட்! மாமா, என்ன பண்றீங்க?”

“களைப்பு.”

“எனக்குப் பல்வலி மாதிரி தெரியுது. ஒண்ணும் பண்ணாதீங்க மாமா. பையை வைங்க. உக்காருங்க. ஷூவைக் கழட்டுங்க. போதும்.”

ஒன்றும் பண்ணாமல் எப்படி ஒன்றைப் பண்ணுவது? மறுபடி, மறுபடி. கல்லைக்கூட விற்றுவிடலாம், இது ஆகாது போலிருக்கிறது.

இன்னொன்று. கட் சொன்ன பிறகும் இவள் கேமராவை உடனே நிறுத்துவதில்லை. நாலைந்து மூச்சு விட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று வகுப்பில் பழக்கியிருக்கிறார்களாம். பாட்டரிதான் வீண்.

செப்டம்பர் 13, ஞாயிறு

அறைக்குள் எடுக்க வேண்டியது முடிந்தது. இனித் தெருவில் நடந்து வருவதும், வாசலில் பூட்டைத் திறக்கும்போது என் முகத்தை நெருக்கத்தில் காட்டும் க்ளோசப்பும்தான் பாக்கி. செவ்வாய் சாயங்காலம்.

எடுத்ததைச் சின்னத் திரையில் காட்டினாள். யாரோ ஒரு கிழவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை அப்படியே சாம்பல். மீசையும்.

“நல்லா இருக்கு மாமா” என்கிறாள். பெரிய மனசு. ஆனால் க்ளோசப்பில் இந்தக் கிழவரையா மாப்பிள்ளை பார்ப்பார்? அவர் மனசில் என்ன படும்? நானும் ஏதாவது செய்ய வேண்டாமா?

செப்டம்பர் 14, திங்கள்

சலூனுக்குப் போனேன். தலைக்குக் கறுப்பு மை. மீசையைச் செதுக்கி ஒரு கோடு. பதினைந்து வயது குறைந்துவிட்டதாகச் சலூன்காரரே சொன்னார், நான் கேட்காமலே. பாப்பாவுக்கு இன்ப அதிர்ச்சி. நாளை வரை தொப்பி.

செப்டம்பர் 15, செவ்வாய்

கடையிலிருந்து நேரே வந்து, அவள் கேமராவை நிறுத்தி வைத்திருந்த தெருமுனையில் நின்று, தொப்பியைக் கழற்றினேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கேமராவின் மூடியை மெதுவாக மூடினாள். அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“மாமா, உள்ள வந்து உக்கார்ற ஆளுக்கு நரை. பெரிய மீசை. வெளிய நடந்து வர்ற ஆளுக்கு ரெண்டும் இல்ல. பாக்கறவங்களுக்கு இது ஒரே ஆளுன்னு எப்படித் தெரியும்?”

“என் முகம்தானே பாப்பா?”

“உங்க முகம் மாதிரியே இல்ல மாமா.”

கன்டினியூட்டி என்று ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு நாளில் எடுத்ததும் மறுநாள் எடுத்ததும் ஒட்ட வேண்டுமாம். சட்டைப் பொத்தான்கூட மாறக் கூடாதாம். முதல் நாளே “அதே சட்டை, அதே ஷூ, எதையும் மாத்தாதீங்க” என்று சொல்லியிருந்தாள். தலையை மாத்தாதேன்னு சொல்லலையே! யாராவது தலையை மாத்துவாங்கன்னு அந்தப் பிள்ளை எப்படி நினைக்கும்?

உள்ளே எடுத்ததை எல்லாம் மறுபடி எடுக்கலாம் என்றேன். கேமரா நாளைக்கு வேறு பிள்ளைகள் கைக்குப் போகிறது. சனிக்கிழமை ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இனி அவளுக்குக் கிடைக்கும்.

செப்டம்பர் 16, புதன்

முகத்துக்குப் போடும் பவுடரைத் தலையில் கொட்டிப் பார்த்தேன். ஒரு டப்பா. குனிந்தால் தோளில் கொட்டுகிறது. மீசைக்கு என்ன வழி என்று கண்ணாடி முன் நின்று ஷேவிங் பிரஷ்ஷை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை எட்டிப்பார்த்தார்.

“மச்சான், மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டீங்களா?”

மனுஷன் வருஷத்துக்கு ஒரு ஜோக் அடிப்பார். அது இன்றைக்கா வர வேண்டும்!

சலூன்காரரிடம் மையை எடுக்க முடியுமா என்று கேட்டேன். மொட்டை அடிக்கலாம் என்றார்.

செப்டம்பர் 17, வியாழன்

கூடத்து அலமாரியில் கணக்குப்பதிவியல் புத்தகம் இல்லை. பாப்பா மேசையில் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லையாம். அவளே எடுத்துக்கொண்டு போனாளாம்.

செப்டம்பர் 18, வெள்ளி

அரை நாள் விடுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போன உடனே தலைமையாசிரியை எழுந்து நின்று வரவேற்றார் என்று கடையில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை; காவலாளி காட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். படம் சொல்லித்தரும் டீச்சர் சின்னப் பெண். கையில் சுண்ணாம்புத் தூள். எனக்குத் திரையுலகில் பழக்கம் உண்டு என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“தேதியை மாத்த முடியாது சார். எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே தேதிதான்.”

“தப்பு என்னோடது மேடம். அவ பாடத்தையே மாத்திடுவாங்க வீட்ல.”

அவர் முகம் மாறியது. ஆனாலும் தேதி மாறவில்லை. அடுத்த பீரியடுக்கு நேரமாகிவிட்டது. கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்தது இன்றுதான். முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. பாப்பா முன் வரிசையில், திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் ஒரு பெண் சிரிக்கிறாள். பிறகு ஒரு ரயில் ஓடுகிறது. ரயிலில் யாரோ வருகிறார்கள் போல, என்ன சந்தோஷம் என்று நினைத்தேன். டீச்சர் அதையே மாற்றிப் போட்டார். ரயில் போகிறது, பிறகு அதே சிரிப்பு. அடப்பாவி, யாரையோ தொலைத்துத் தலைமுழுகிய சிரிப்பு அது! பெண் ஒன்றும் மாறவில்லை. வரிசைதான் மாறியது.

சாயங்காலம் பாப்பாவின் கதவருகில் நின்று, உள்ளே போகாமலே சொன்னேன்: “உங்க டீச்சர் கெட்டிக்காரிதான். நான் ரெண்டு நுணுக்கம் சொன்னேன், உடனே பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா பாப்பா, எனக்கு ஒண்ணு தோணுது. நரையை முன்னாடி எடுத்துட்டோம், கறுப்பைப் பின்னாடி எடுக்கப்போறோம். எடுத்த வரிசையிலதான் காட்டணுமா என்ன?”

மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை; என் தலையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மாமா, நாளைக்குக் காலையில கடைக்குக் கிளம்பறப்ப என்னை எழுப்புங்க.”

செப்டம்பர் 19, சனி

இப்போது படம் இப்படி: காலையில் ஒருவர் கறுப்புத் தலையோடு, கோடு மீசையோடு, கண்ணாடி பார்த்து, வாசலைப் பூட்டிக்கொண்டு, தெருவில் துள்ளி நடந்து வேலைக்குப் போகிறார். வெட்டு. சாயங்காலம் அதே சட்டையில் நரைத்த தலையோடு அறைக்குள் வருகிறார். ஒரே நாள்தான். போனவர் ஒருத்தர், வந்தவர் ஒருத்தர்.

என்ன தலை அந்தப் பிள்ளைக்கு! என் தலை இல்லாமல் அவள் தலை வேலை செய்திருக்குமா என்பது வேறு விஷயம்.

துள்ளி நடக்கச் சொன்னபோது எனக்குக் கட்டே கிடையாது. “இப்ப எவ்வளவு வேணாலும் பண்ணுங்க மாமா” என்றாள். பால்காரருக்கு வணக்கம் வைத்தேன், நாய்க்கு வணக்கம் வைத்தேன். அவள் சிரித்ததில் கேமரா ஆடியது.

செப்டம்பர் 20, ஞாயிறு

வெட்டி ஒட்டியதைக் கம்ப்யூட்டரில் காட்டக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

அறைக்குள் நான் நடித்தது ஒன்றுகூட இல்லை. பெருமூச்சு இல்லை, கசப்புச் சிரிப்பு இல்லை. எல்லாம் கட் சொன்ன பிறகு எடுத்தது. அந்த நாலைந்து மூச்சு, சில தடவை அதற்கு மேலும் ஓட விட்டிருக்கிறாள். அப்போது நான் யாருக்கும் எதுவும் காட்டவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்கிறேன். ஷூ வரமாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் இழுக்கிறேன். காலுறையை உருட்டி இறக்கினால், கணுக்காலில் காலுறையின் வரி பள்ளமாக விழுந்திருக்கிறது. அதற்கு மேலே கால் உப்பி, நீலமாக நரம்பு. கட்டைவிரலால் அமுக்குகிறேன். குழி விழுகிறது. குழி நிரம்பும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“மாமா, கால் ஏன் இப்படி இருக்கு?”

“லைட்டிங்.”

“மாமா.”

சுழல் நாற்காலி இருக்கிறது. அதில் உட்காருவது முதலாளியின் மகன். விற்கிறவன் உட்கார்ந்தால் வாங்குகிறவனுக்கு மரியாதை இல்லையாம், கடையில் சட்டம். திறப்பதிலிருந்து சாத்தும் வரை நிற்க வேண்டும். அதைப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்களா? தங்கச்சி வீட்டு மாடியில் இருக்கிற அண்ணன், மேலாளராகவாவது இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? ஏன்டா இதைக் கேக்கறீங்க? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு...

“இந்த ஷாட்டை வைக்கலாமா மாமா? நீங்க வேண்டாம்னா எடுத்துடறேன். சத்தியமா எடுத்துடறேன்.”

வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 21, திங்கள்

வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

செப்டம்பர் 22, செவ்வாய்

அந்த ஷாட் இல்லாமல் படத்தைக் காட்டினாள். முகத்தில் கோபமே இல்லை. ஒருவர் துள்ளிக்கொண்டு போகிறார், நரைத்து வருகிறார், பையை வைக்கிறார், முடிந்தது. ஏன் நரைத்தார்? தெரியாது. மந்திரவாதி படம் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை மனசில் என்ன படும்? பக்கத்தில் அந்தக் கணக்குப்பதிவியல் புத்தகம். முதல் பாடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். படிக்கத் தொடங்கிவிட்டாள்.

மாடிக்கு வந்தேன். ஷூவைக் கழற்றினேன். கேமரா இல்லை. அதே குழி, அதே நேரம் எடுத்து நிரம்பியது.

கீழே போய்ச் சொன்னேன்: “வெச்சுக்கோ. ஆனா இடது கால்தான் எனக்கு அழகு. அது இருக்கட்டும்.”

செப்டம்பர் 25, வெள்ளி

பள்ளிக்கூடத்து அரங்கில் ஆயிரம் பேர். சரி, முன்பாதி நிரம்பியிருந்தது. தங்கச்சி, மாப்பிள்ளை, நான் என்று வரிசையாக உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. பாப்பா மேடை ஓரம், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் படம். நாய்க்கு வணக்கம் வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். கதவு திறந்து நரைத்த ஆள் வந்தார். சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் உட்கார்ந்தார். ஷூ வரவில்லை. அதற்குள் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கால் திரை முழுக்க வந்தது. இவ்வளவு பெரிதாக என் காலை நானே பார்த்ததில்லை. கட்டைவிரல் அமுக்கியது. அரங்கில் யாரோ இருமினார்கள். குழி நிரம்பும் வரை அவள் வெட்டவே இல்லை.

தங்கச்சி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் குனிந்து, என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டினார்கள். டீச்சர் ஏதோ பேசினார். வெளியே வந்ததும் பாப்பா அப்பா முன் வந்து நின்றாள். அவர் பையைத் திறந்தார், மூடினார். “சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான்.

நிறுத்தத்துக்கு நடந்தோம். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிற மனுஷன் இன்று என் பக்கத்தில் என் வேகத்தில் வந்தார். பஸ்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தது.

“உக்காருங்க மச்சான்.”

“எனக்கென்ன, நான் நிப்பேன். நாள் முழுக்க உக்காந்தேதானே...”

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

தங்கச்சி இரண்டு நாளாக என் தட்டை மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். இன்று மாடிக்கு வந்து துணியை மடித்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “ஊரான் குளியலறைக் கதையெல்லாம் தினமும் எங்கிட்டச் சொல்வே. இதை மட்டும் உன்னால சொல்ல முடியலையாண்ணே?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நூறு பதில் வந்தது. அவள் மடித்துப் போட்ட துணியை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

செப்டம்பர் 30, புதன்

பாடம் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். மாப்பிள்ளை சாயங்காலம் வந்தார், ஒரு ஜோடிக் காலுறையை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார். காலில் நரம்பு புடைத்தவர்களுக்கு என்று மருந்துக்கடையில் விற்பது. முழங்கால் வரை இறுக்கமாக ஏறும். பாடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நாள் முடிந்துவிட்டது.

கடையில் நாற்காலி வரவில்லை. வராது.

அக்டோபர் 11, ஞாயிறு

அடுத்த படம். டீச்சர் கொடுத்த கதை: ஒருவர் எதையோ தேடுகிறார். தேடுகிறவர் மாப்பிள்ளை.

காலையிலிருந்து மூன்று சட்டை மாற்றிவிட்டார். கண்ணாடி முன் நின்று தலையை இடமும் வலமுமாக வாரிப் பார்த்தார். “சலூன் பக்கம் மட்டும் போயிடாதீங்க” என்று தங்கச்சி அடுக்களையிலிருந்து கத்திவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு இரண்டு வாரமாகிறது.

முக்காலியின் அந்தக் கால் மறுபடி இறங்கியது. செங்கல் உயரம் அதிகம். பாப்பா சுற்றும் முற்றும் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் மேசையிலிருந்து அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து வந்து, தானே குனிந்து அடியில் செருகினார். ஆட்டிப் பார்த்தார். நின்றது.

பிறகு என் பக்கம் வந்து, பாப்பாவுக்குக் கேட்காமல், “மச்சான், உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே. என்ன பண்ணணும்?” என்றார்.

இவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வண்டி விஷயம் இருந்தது. அந்த டைரக்டர், அந்த ஒலிபெருக்கி...

“ஒண்ணும் பண்ணாதீங்க மாப்பிள்ளை” என்றேன். “கட் சொன்னதும் எழுந்துடாதீங்க. கொஞ்ச நேரம் இருங்க.”

அவர் போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் நின்றார். நான் கேமராவுக்குப் பின்னால், பாப்பா எனக்கென்று போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.